பழைய கேம், புது விண்டோஸ்: கேட்டதும் சொன்னதும்

பழைய கேம்களைப் புது கம்ப்யூட்டரில் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். யார் எந்த கேமைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில் நிற்கிறது? இன்ஸ்டால் ஆகவே மறுக்கிறதா, திறந்த உடனே மூடிக்கொள்கிறதா, சிடி கேட்கிறதா, நிறம் மாறித் தெரிகிறதா, இல்லை ஓட்டமே தறிகெட்டுப் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கேம் ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் வரும் கம்பேட்டிபிலிட்டி டேபில் இருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுப் பார்ப்பது வைத்தியம் ஆகாது.

கேள்வி: அண்ணா, ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் ஆடிய டேஞ்சரஸ் டேவ் ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் 11 லேப்டாப்பில் டபுள் கிளிக் செய்தால் "இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது" என்று வருகிறது. ஃபைல் கெட்டுப் போய்விட்டதா?

பதில்: ஃபைலில் ஒரு குறையும் இல்லை தம்பி. அது டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் இயங்குதளம்) காலத்து 16-பிட் புரோகிராம். பழைய 32-பிட் விண்டோஸ்களுக்குள் டாஸ் புரோகிராம்களுக்கென்றே ஒரு தனி அறை இருந்தது. பிராசஸரில் இருந்த ஒரு வசதியை நம்பித்தான் அந்த அறையைக் கட்டியிருந்தார்கள். பிராசஸர் 64-பிட் முறைக்கு மாறி ஓடும்போது அந்த வசதி கிடைப்பதில்லை. அதனால் 64-பிட் விண்டோஸில் அந்த அறையே இல்லை. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது.

வழி டாஸ்பாக்ஸ். 2002-இல் வந்த இலவச மென்பொருள். பழைய பிராசஸர், விஜிஏ கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் எல்லாவற்றையும் சாஃப்ட்வேரிலேயே உருவாக்கி, அதற்குள் கேமை ஓட்டுகிறது. கமாண்ட் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கேமின் எக்ஸி ஃபைலை மவுஸால் இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போடுங்கள், திறந்துவிடும். ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை. புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளைப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய திரைகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

டேவை எழுதியவர் ஜான் ரோமெரோ, பின்னாளில் டூம் செய்தவர்களில் ஒருவர். மொத்தம் 10 லெவல். லேப் பீரியட் முடிவதற்குள் ஐந்தைத் தாண்டுவதே அன்றைக்குப் பெரிய விஷயம். இப்போது நிதானமாக ஆடி முடியுங்கள்.

கேள்வி: டாஸ்பாக்ஸில் போட்டேன், ஓடுகிறது. ஆனால் ஒரு கேம் மின்னல் வேகத்தில் ஓடுகிறது. இன்னொன்று "ரன்டைம் எரர் 200" என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், வேகம். அந்தக் காலத்தில் சிலர் கடிகாரத்தைப் பார்த்து கேமை நகர்த்தவில்லை. பிராசஸர் எவ்வளவு வேகமோ, கேமும் அவ்வளவு வேகம். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலும் எஃப்11-உம் அழுத்தினால் வேகம் குறையும், கன்ட்ரோலும் எஃப்12-உம் அழுத்தினால் கூடும். மேலே தலைப்புப் பட்டியில் சைக்கிள்ஸ் என்று ஓர் எண் தெரியும். 3000 பக்கத்தில் வைத்துப் பார்த்து, கேமுக்கு ஏற்ற மாதிரி ஏற்றி இறக்குங்கள்.

எரர் 200-இன் கதை சுவையானது. டர்போ பாஸ்கல் என்ற பழைய புரோகிராம் கருவியில் எழுதிய புரோகிராம்களில் வருவது அது. புரோகிராம் தொடங்கும்போதே, 55 மில்லிசெகண்டில் ஒரு வெற்றுச் சுற்றை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடை 65,535-க்குள் இருக்கும் என்பது எழுதியவர்களின் கணக்கு. 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பிராசஸர்கள் வந்ததும் விடை அந்த எல்லையைத் தாண்டியது. கொள்ளாத எண்ணைப் பார்த்த பிராசஸர், பூஜ்யத்தால் வகுத்துவிட்டதைப் போலவே கத்தும். சைக்கிள்ஸைக் குறைத்தால் இதுவும் சரியாகிவிடும்.

கேள்வி: 1996-இல் வாங்கிய விண்டோஸ் 95 கேம். அட்டையில் 32-பிட் என்றே போட்டிருக்கிறது. ஆனாலும் செட்டப் திறக்கவே மாட்டேன் என்கிறது, ஏன் சார்?

பதில்: கேம் 32-பிட், செட்டப் 16-பிட். அந்த வருஷங்களில் இது சர்வசாதாரணம். விண்டோஸ் 3.1 காலத்து இன்ஸ்டாலரையே பலர் அப்படியே பயன்படுத்தி வந்தார்கள். உள்ளே இருக்கும் கேம் ஓடத் தயாராக இருக்கும், வாசல்தான் பூட்டிக் கிடக்கும். அன்று பரவலாக இருந்த இன்ஸ்டால்ஷீல்ட் என்ற இன்ஸ்டாலரின் சில பதிப்புகளை அடையாளம் கண்டு, 64-பிட் விண்டோஸ் தானே மாற்று இன்ஸ்டாலரை ஓட்டும். உங்கள் சிடி அந்த வகை இல்லை போலிருக்கிறது. வின்இவிடிஎம் என்ற இலவசக் கருவியைப் போட்டுப் பாருங்கள், 16-பிட் விண்டோஸ் புரோகிராம்களை அது 64-பிட்டில் ஓட்டும்.

இன்ஸ்டாலர் திறந்தும் "டிஸ்கில் இடம் போதாது" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். காலி இடத்தைச் சில பழைய இன்ஸ்டாலர்கள் 2 ஜிபி வரைதான் எண்ணும். அதைத் தாண்டினால் எண் மைனஸில் போய்விடும். 8 ஜிபி பென்டிரைவை ஏறக்குறைய நிரப்பி, ஓர் 1 ஜிபி மட்டும் காலி விட்டு அதில் இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

கேள்வி: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, என் ஒரிஜினல் சிடியிலிருந்து போட்டேன். புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

பதில்: இல்லை. 1999-இல் வந்த அந்த கேம் 256 நிறங்களில் மட்டும் வரைகிறது. 256 கிண்ணங்கள் உள்ள ஒரு வண்ணப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-ஆம் கிண்ணத்தில் எந்தப் பச்சை இருக்க வேண்டும் என்பதை கேம் தானே நிரப்புகிறது. புதிய விண்டோஸின் டெஸ்க்டாப் பின்னாலிருந்து கை நீட்டி, அதே கிண்ணங்களில் தன் நிறங்களை ஊற்றிவிடுகிறது. கேம் 40 என்று தொட்டு வரைகிறது, வருவது சிவப்பு.

விண்டோஸ் 7 காலத்தில் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு கேமை ஓட்டுவோம். இன்று அது தேவையில்லை. சிஎன்சி-டிடிரா என்ற சின்ன டிஎல்எல் துணை ஃபைலை கேம் ஃபோல்டரில் போட்டால் போதும். டைரக்ட்டிரா என்ற பழைய விண்டோஸ் வரைகலை வசதிக்கு கேம் அனுப்பும் அழைப்புகளை அது இடையில் வாங்கி, இன்றைய கார்டுக்குப் புரியும்படி வரைந்து கொடுக்கும். 3டிஎஃப்எக்ஸ் என்ற பழைய கிராபிக்ஸ் கார்டு கேட்கும் கிளைடு கேம்களுக்கும், பழைய டைரக்ட்3டி கேம்களுக்கும் டிஜிவூடூ 2 சிறந்தது. என் கம்ப்யூட்டரில் பாதிப் பழைய கேம்கள் இந்த இரண்டின் தயவில்தான் ஓடுகின்றன.

ரோடு ராஷ் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் கம்பேட்டிபிலிட்டி டேபில் 8-பிட் 256 நிறம், 640×480 இரண்டையும் மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரிஜினல் சிடி டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் "சிடியைப் போடவும்" என்றே கேட்கிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு இந்த நிலைமையா?

பதில்: உங்கள் கோபம் நியாயம். காப்பி அடிப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் பல கேம்களில் வைத்தார்கள். அதற்கு விண்டோஸின் அடிமட்டத்தில் இயங்கும் ஒரு டிரைவர் தேவை. பாதுகாப்பு ஓட்டைக்கு இடம் கொடுக்கும் என்பதால் மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10-இலிருந்து அதை நீக்கியது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த அப்டேட், விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. சாவி உங்கள் கையில் இருக்கிறது, பூட்டைத் திறக்கும் ஆள்தான் வீட்டில் இல்லை.

அந்த டிரைவரை எங்கிருந்தாவது கொண்டுவந்து மறுபடி போடாதீர்கள். முதலில் கேமின் கடைசி அதிகாரப்பூர்வ பேட்ச்சை, அதாவது திருத்த ஃபைலைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் கடைசி பேட்ச்சில் சிடி சோதனையைத் தாங்களே எடுத்துவிட்டன. அடுத்து ஜிஓஜி போன்ற கடைகள். 2008-இலிருந்து பழைய கேம்களைப் பூட்டில்லாமல், புது விண்டோஸுக்குத் தயார் செய்தே விற்கிறார்கள். தள்ளுபடி நாளில் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் கிடைக்கும்.

சிடி இல்லாமலே கேமை ஓட வைக்கும் "நோ-சிடி" ஃபைல்களை முகம் தெரியாத தளங்களிலிருந்து இறக்கவே வேண்டாம். நான் ஒருமுறை அப்படி இறக்கிய ஃபைலில் வைரஸ் இருந்தது. ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டி வந்தது. அக்கா கல்யாண போட்டோக்கள் அதில் போனவை போனவைதான்.

கேள்வி: ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்ற தண்ணீரில் இறங்கும் விமானத்தைக் காணோம். விண்டோஸ் 11 24எச்2 அப்டேட்டுக்கு அப்புறம்தான் இப்படி. மைக்ரோசாஃப்ட் கேமைக் கெடுத்துவிட்டதா?

பதில்: இந்த வருஷங்களில் நான் படித்ததிலேயே அருமையான துப்பறியும் கதை இது. விண்டோஸ் மேல் தப்பில்லை. தப்பு ஏறக்குறைய 20 வருஷமாக கேமுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது.

கேமில் எல்லா வாகனங்களையும் பட்டியலிடும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. வாகனத்துக்கு ஒரு வரி, வரிக்குள் சக்கரத்தின் அளவும் இருக்கும். இதற்கு முந்தைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மரைப் படகு வகையில் சேர்த்திருந்தார்கள். படகுக்குச் சக்கர அளவு எதற்கு? சான் ஆண்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றியவர்கள், அளவை எழுத மறந்துவிட்டார்கள். வரியைப் படிக்கும் புரோகிராமும் எண் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எண் இல்லாவிட்டால், மெமரியில் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதையே எடுத்துக்கொண்டது. அங்கே கிடந்தது முந்தைய வரியில் இருந்த ஒரு வேனின் சக்கர அளவு, 0.7. வேனின் சக்கரத்தைக் கடன் வாங்கியே விமானம் இத்தனை வருஷமும் பறந்திருக்கிறது.

24எச்2-இல் விண்டோஸ் தன் உள்வேலை ஒன்றுக்கு அந்த மெமரிப் பகுதியை முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தொட்டது. அப்படித் தொட அதற்கு முழு உரிமை உண்டு. 0.7 அழிந்து அங்கே குப்பை எண் வந்தது. ஸ்கிம்மரை வலுக்கட்டாயமாக வரவழைத்துப் பார்த்தபோது, ஆடுகிறவர் தூக்கி எறியப்பட்ட உயரம் 1-க்குப் பின்னால் 31 பூஜ்யம் போட்ட அளவு மீட்டர்.

சைலன்ட்பேட்ச் என்ற திருத்தத்தைச் செய்பவர்தான் இதைத் தோண்டிக் கண்டுபிடித்து 2025-இல் எழுதினார். அந்த பேட்ச்சைப் போடுங்கள், விமானம் திரும்பி வந்துவிடும். கம்பெனி கைவிட்ட கேமை யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து காப்பாற்றுகிறார். அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: வைஸ் சிட்டியில் மவுஸ் அசைய மாட்டேன் என்கிறது.

பதில்: டாக்குமென்ட்ஸுக்குள் வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் எஸ்இடி என்று முடியும் செட்டிங்ஸ் ஃபைலை மட்டும் அழித்துவிட்டு கேமைத் திறங்கள். சேவ் ஃபைல்களைத் தொடாதீர்கள். டிஸ்பிளே செட்டிங்ஸில் ஃபிரேம் லிமிட்டர் ஆனில் இருக்கட்டும்.

கேள்வி: கேமில் சேவ் செய்தது கேமுக்குள் தெரிகிறது. ஃபோல்டரில் தேடினால் இல்லை. காப்பி எடுத்து வைக்க எங்கே தேடுவது?

பதில்: பழைய கேம்கள் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுத அனுமதி இல்லை. கேம் எழுதுவதை விண்டோஸ் ஓசைப்படாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். இனிமேல் பழைய கேம் எதையும் சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் இன்ஸ்டால் செய்யுங்கள்.

கேள்வி: மேக்கில் 2019 அப்டேட்டுக்குப் பிறகு என் பழைய கேம்கள் எல்லாமே போய்விட்டன.

பதில்: கேட்டலினா என்ற அந்த அப்டேட்டில் 32-பிட் ஆப்களை ஆப்பிள் மொத்தமாக நிறுத்திவிட்டது. அந்த மேக் பதிப்புகளுக்கு வழி குறைவு. அதே கேமின் டாஸ் பதிப்பு கிடைத்தால் டாஸ்பாக்ஸ், பாயின்ட் அண்ட் கிளிக் சாகச கேம் என்றால் ஸ்கம்விஎம் என்ற மென்பொருள். இரண்டும் மேக்கில் நன்றாக ஓடும். ஸ்கம்விஎம் ஆண்ட்ராய்டு போனுக்கும் உண்டு.

கேள்வி: சிடியை ஐஎஸ்ஓ ஆக்கி வைத்தேன். குவேக் ஓடுகிறது, பாட்டு மட்டும் வரவில்லை.

பதில்: அந்த இசை ஃபைலாக இல்லை, ஆடியோ சிடி மாதிரியே தனி டிராக்குகளாக இருக்கிறது. ஐஎஸ்ஓ என்ற சிடி நகல் ஃபைல் டேட்டா டிராக்கை மட்டும்தான் எடுக்கும். இம்ஜ்பர்ன் கொண்டு பின், கியூ என்ற ஜோடி ஃபைலாக எடுங்கள். டாஸ்பாக்ஸில் கியூ ஃபைலை மவுன்ட் செய்தால் இசையும் சேர்ந்து வரும்.

இதை இந்த மாதமே செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் பீரோவில் கிடக்கும் சிடி நிரந்தரம் இல்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமை எழுதிய ஜோர்டான் மெக்னரின் மூல நிரலே பல வருஷம் தொலைந்து கிடந்தது. 2012-இல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டியிலிருந்து ஃபிளாப்பிகளை எடுத்துக் கொடுத்தார். நிபுணர்கள் சேர்ந்து கவனமாகப் படித்ததில் நிரல் பிழைத்தது. எல்லாப் பெட்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

கேள்வி: தம்பி, எனக்கு 68 வயது. ஆபீஸில் எக்ஸ்பியில் ஒரு பின்பால் இருக்கும், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் ஆடுவேன். அது இப்போது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் ஐயா. ஸ்பேஸ் கேடட் அதன் பெயர். விஸ்டாவில் அதை விட்டுவிட்டார்கள். 64-பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்தது, காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் இல்லை என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். ஆனால் எக்ஸ்பியின் 32-பிட் பதிப்பு விண்டோஸ் 11-இலும் அப்படியே ஓடுகிறது. பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால், சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் என்டி, அதற்குள் பின்பால். அந்த ஃபோல்டரை முழுதாக பென்டிரைவில் எடுத்துப் போடுங்கள், இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். டபுள் கிளிக் செய்து, ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விடுங்கள், பந்து கிளம்பும். இடது ஃபிளிப்பருக்கு இசட், வலதுக்கு ஸ்லாஷ், எதுவும் மாறவில்லை.