கிளிங்கானில் கவிதை எழுதுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கிளிங்கான் என்பது ‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளில் வரும் வேற்றுக்கோள் போர்வீரர்களுக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய மொழி. அதன் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தோராயமாகத் தந்திருக்கிறோம். ’ என்ற குறி வரும் இடத்தில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். கிளிங்கானில் அதுவும் ஒரு மெய். விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும்.

கேள்வி: தமிழ்க் கவிதையில் ஓசைக்காகச் சொற்களை முன்பின்னாக வைக்கிறோம். கிளிங்கானிலும் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ‘எதிரியைக் கண்டான் வீரன்’, ‘வீரன் கண்டான் எதிரியை’ என்று எப்படிப் புரட்டினாலும் தமிழில் பொருள் கெடாததற்குக் காரணம் ஐ உருபு. கிளிங்கானில் செயப்படுபொருளுக்கு உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பது செயப்படுபொருள், பின்னால் நிற்பது எழுவாய். ‘ஜக் லெக் யஷ்’ என்றால் அதிகாரி எதிரியைப் பார்க்கிறார் (ஜக் – எதிரி, லெக் – பார், யஷ் – அதிகாரி). அதையே ‘யஷ் லெக் ஜக்’ என்று திருப்பினால் எதிரி அதிகாரியைப் பார்க்கிறான். ஓசை நன்றாக இருக்கிறது என்று திருப்பியவரின் கவிதையில் வென்றவன் தோற்றவனாகிவிடுவான்.

அழுத்தம் வேண்டுமென்றால் சொல்லை நகர்த்தாமல் ‘-’எ’’ என்ற ஒட்டைச் சேருங்கள். ‘ஜக்’எ’ லெக் யஷ்’ என்றால் அதிகாரி பார்ப்பது எதிரியைத்தான். நம் ‘தான்’ செய்கிற வேலையை இது செய்கிறது. ‘-டக்’ (இல்), ‘-மொ’’ (காரணமாக) போன்ற ஒட்டுகள் ஏறிய சொற்களும் காலத்தைச் சொல்லும் சொற்களும் செயப்படுபொருளுக்கும் முன்னால், வாக்கியத் தொடக்கத்தில் வரும்.

கேள்வி: மூன்று வரி எழுதியிருக்கிறேன். ‘அதிகாரி எதிரியைப் பார்த்தார், பெரிய மலையில் போரிட்டார்கள், என் நண்பனை நினைக்கிறேன்’ என்பது கருத்து. சரியா?
யஷ் லெக்பு’ ஜக்
ஹுட்டக் தின் ஷுவ்பு’
ஜுப்விஜ் ஜிகவ்

கரு நன்று, வரிக்கு வரி திருத்தம் தேவை. முதல் வரியில் சொல்வரிசை தலைகீழ்.

இரண்டாம் வரியில் ஹுட் என்பது மலை, தின் என்பது ‘பெரியதாக இரு’ என்ற வினை. கிளிங்கானில் தனிப் பெயரடை இல்லை. இத்தகைய வினை பெயருக்குப் பின்னால் நின்றால் அடை, முன்னால் நின்றால் முழு வாக்கியம்: ‘ஹுட் தின்’ பெரிய மலை, ‘தின் ஹுட்’ மலை பெரிது. பெயருக்குப் பின் அடை வந்துவிட்டால் ‘-டக்’ அந்த அடையின் மேல் ஏறும். ஆகவே ‘ஹுட் தின்டக்’. இரண்டு அடைகளை வரிசையாக அடுக்குவது வழக்கமில்லை. பெரிய, குளிர்ந்த மலை வேண்டுமென்றால் நம் பெயரெச்சம் போன்ற ‘-பொக்’ சேர்த்து, ‘தின்பொக் ஹுட் ’எஜ் பிர்பொக்’ என்று எழுதலாம்.

மூன்றாம் வரியில்தான் தமிழர் அதிகம் வழுக்குகிறார்கள். தமிழ் வினை எழுவாயை மட்டும் காட்டும். கிளிங்கான் வினையின் முன்னொட்டு எழுவாயையும் செயப்படுபொருளையும் ஒருசேரக் காட்டும். ‘ஜி-’ என்றால் நான், செயப்படுபொருள் ஏதுமில்லை. ‘வி-’ என்றால் நான் அவனை, அதை, அவர்களை. நண்பன் என்ற செயப்படுபொருள் இருப்பதால் ‘விகவ்’ என்றே வர வேண்டும். இன்னொரு முன்னொட்டையும் இப்போதே மனத்தில் வையுங்கள்: எழுவாயும் செயப்படுபொருளும் படர்க்கையில் இருந்து, எழுவாய் பன்மை, செயப்படுபொருள் ஒருமை என்றால் ‘லு-’. பல அதிகாரிகள் ஓர் எதிரியைப் பார்த்தால் ‘ஜக் லுலெக் யஷ்பு’’ (பெயரில் சேரும் ‘-பு’’ பன்மை; வினையில் சேரும் ‘-பு’’ வேறு). இரண்டுமே பன்மையானால் முன்னொட்டே கிடையாது. தேர்ந்தவர்களும் மறப்பது இந்த ‘லு-’வைத்தான்.

‘என்’ என்பதற்கு நீங்கள் போட்ட ‘-விஜ்’ பொருள்களுக்கு உரியது. பேசத் தெரிந்த உயிருக்கு ‘-வி’’. நண்பனை ‘ஜுப்விஜ்’ என்றால் அவனைச் சாமானாக்கிப் பழித்ததாகும். வசைக் கவிதையில் இதைக் கூர்மையாகப் பயன்படுத்தலாம், நினைவஞ்சலியில் வேண்டாம்.

ஜக் லெக் யஷ்
ஹுட் தின்டக் ஷுவ்தஹ்
ஜுப்வி’ விகவ்

கேள்வி: ‘-பு’’வை ஏன் எடுத்துவிட்டீர்கள்? அது இறந்தகாலம் இல்லையா?

இல்லை. கிளிங்கான் வினைக்குக் காலமே இல்லை. செயல் முடிந்ததா, தொடர்கிறதா என்பதை மட்டும் காட்டும். ‘வ’லெஷ் விலெக்பு’’ என்றால் ‘நாளைக்குள் பார்த்து முடித்திருப்பேன்’. எல்லா வரியிலும் ‘-பு’’ தூவினால், ஒவ்வொரு செயலும் கணக்கு முடித்து மூடப்பட்டதுபோல் கவிதை உயிரற்றுக் கிடக்கும்.

நான்கு ஒட்டுகளின் வேறுபாடு கவிஞருக்குப் பெரிய செல்வம். ‘ஹொஹ்பு’’ கொன்றாயிற்று, ‘ஹொஹ்த’’ கொல்ல வேண்டுமென்று கிளம்பிக் கொன்று முடித்தது. ‘பும்தஹ்’ விழுந்துகொண்டே இருக்கிறது, முடிவு தெரியாது. ‘பும்லி’’ விழுந்துகொண்டிருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் போய் முடியும். ஒரே அசையில் விதியும் நம்பிக்கையும் மாறுகின்றன. திருத்தத்தில் ‘ஷுவ்தஹ்’ போட்டதற்கும் அதுவே காரணம்: நண்பனை நினைக்கும்போது அந்தப் போர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: ‘இல்லை’ என்ற பொருள் தரும் ‘-பெ’’ எங்கே வரும்?

எதை மறுக்கிறீர்களோ அதன் பின்னால் வரும். ‘ஜிஷுவ்லஹ்பெ’’ – என்னால் போரிட முடியாது. ‘ஜிஷுவ்பெ’லஹ்’ – போரிடாமல் இருக்க என்னால் முடியும். முதலாவது இயலாமை, இரண்டாவது அடக்கம். அழுத்தம் தரும் ‘-கு’’வும் இப்படித்தான் நகரும். அஞ்சுவதைச் சொல்லும் ‘-விப்’ ஒட்டை மட்டும் தன்மையில் பார்த்துக் கையாளுங்கள்: ‘நான் அஞ்சுகிறேன்’ என்பது இலக்கணப்படி சரி, கிளிங்கான் பண்பாட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாதது. ‘அஞ்சவில்லை’ என்றால் தடையில்லை.

கேள்வி: அப்படியானால் கவிஞருக்கு இலக்கணத்தை மீற எந்த உரிமையும் இல்லையா?

உண்டு, அழகான ஒன்று. மார்க் ஓக்ராண்டின் கிளிங்கான் அகராதியே (1985, விரிவாக்கம் 1992) அதைச் சொல்லியிருக்கிறது. பன்மைக்கு மூன்று ஒட்டுகள்: பேசத் தெரிந்தவற்றுக்கு ‘-பு’’, உடலுறுப்புகளுக்கு ‘-டு’’, மற்றவற்றுக்கு ‘-மெய்’. பேசத் தெரிந்தவற்றுக்கு ‘-மெய்’ போட்டால் ‘இங்குமங்குமாகச் சிதறிய’ என்ற பொருள் வந்துவிடும்: ‘புக்பு’’ குழந்தைகள், ‘புக்மெய்’ எங்கெங்கும் பரந்து கிடக்கும் குழந்தைகள். உடலுறுப்புகளுக்கு இப்படிப் போடுவது பிழை. ஆனால் ஒரு மனநிலையை எழுப்புவதற்காகக் கவிஞர்கள் இந்த விதியை மீறுவார்கள் என்று அகராதி ‘ட்லொன்மெய்’, அதாவது சிதறிக் கிடக்கும் மூக்குத்துளைகள், என்ற சான்றோடு கூறுகிறது. நுட்பம் பிடிபடும்வரை மாணவர்கள் விதியோடு நிற்கட்டும் என்றும் எச்சரிக்கிறது. போர்க்களத்தைப் பாடும்போது ‘மின்டு’’ என்பதை ‘மின்மெய்’ ஆக்கினால், கண்கள் முகங்களை விட்டு நிலமெங்கும் சிதறிவிடும். ஒரு கவிதையில் ஒருமுறை போதும். இரண்டாம் முறை வந்தால் படிப்பவர் அதைப் பிழை என்றே எண்ணுவார்.

கேள்வி: எதுகை, மோனை, இயைபு, சீர் எல்லாம் அமையுமா?

அசை எண்ணுவது மிக எளிது. ஒவ்வோர் அசையும் மெய்யில் தொடங்கி ஒரே உயிரைக் கொண்டிருப்பதால் உயிர்களை எண்ணினால் போதும். ஆனால் பொருளை மாற்றும் குறில் – நெடில் வேறுபாடு இல்லாததால் நம் நேரசை, நிரையசைக் கணக்கை அங்கே கொண்டுபோவதில் பயனில்லை. அழுத்தத்தைக் கொண்டு சீர் அமையுங்கள். வினையில் அழுத்தம் பெரும்பாலும் வேரின் மேல் விழும். வேருக்கும் ’ ஒலியில் முடியும் பின்னொட்டுக்கும் இடையில் வேறோர் ஒட்டு இருந்தால், வேரும் ’ ஒலியில் முடியும் அந்தப் பின்னொட்டும் சமமாக அழுத்தம் பெறும். ‘ஜிஷுவ்லஹ்பெ’’யில் ஷுவ், பெ’ இரண்டையும் தட்டிப் பாருங்கள். தாளம் தானே தெரியும்.

இயைபைப் பொறுத்தவரை ஒட்டுகளால் மட்டும் இயைத்தல் சோம்பல். எல்லா வரியும் ‘-தஹ்’ என முடிந்தால் அது பாட்டாகாது. எழுவாய் வரிக் கடைசியில் வருவதால் எழுவாய்ப் பெயர்களை இயையுங்கள், அல்லது வேர்களில் மோனை வையுங்கள்.

கேள்வி: ‘போர்’, ‘காதல்’ போன்ற கருத்துப்பெயர்களை உண்டாக்க எல்லா வினையிலும் ‘-கச்’ சேர்க்கலாமா?

வெறும் வேரில் நேராகச் சேர்த்தால் காதுக்கு விகாரமாக இருக்கும். இடையில் வேறோர் ஒட்டு வேண்டும்: ‘லொ’லஹ்கச்’ (மதிப்பு) போல. கவிதையில் இதைக் கூடியவரை தவிர்ப்பதே நலம். கிளிங்கான் வினைகளால் பேசுகிற மொழி. ‘போராட்டத்தின் தொடர்ச்சி’ என்று எழுதத் தோன்றினால் ‘ஷுவ்தஹ்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: வாழ்த்துப்பா எழுதுகிறேன். சொல்வரிசையில் விலக்கு உண்டாமே?

விருந்தில் கோப்பையை உயர்த்திச் சொல்லும் வாழ்த்துக்கு மட்டும் உண்டு. ‘-ஜஜ்’ என்ற விருப்ப ஒட்டு ஏறிய வினை அங்கே எழுவாய்க்கும் பின்னால் கடைசியில் வரும்: ‘’இவ்லிஜ் ஜச்ஜஜ்’ – உன் குருதி முழங்கட்டும். செயப்படுபொருளும் இருந்தால் அது முதலில், எழுவாய் அடுத்து, வினை முடிவில். வாழ்த்துக்கு வெளியே ‘-ஜஜ்’ வந்தால் பழைய வரிசையே. ஆகவே வாழ்த்துப்பாவில் கதை சொல்லும் வரிகளை வழக்கமான வரிசையிலும், கோப்பை உயரும் வரியை மட்டும் இந்த வரிசையிலும் எழுதுங்கள்.