காணி உறுதி அலுமாரியில் இருக்கட்டும், கொப்பிகளை எடுங்கள்

முரசுமோட்டையிலிருந்து ஒரு தாயும் மகளும் மேற்படிப்புப் பற்றிக் கேட்கப் போன கிழமை என்னிடம் வந்திருந்தார்கள். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் விவசாய பீடத்தில் நான்கு வருடப் பட்டம் முடித்தவள். லண்டனில் எம்பிஏ படிக்க வை என்று கனடாச் சித்தப்பா கிழமைக்கு இரண்டு தரம் அழைக்கிறாராம். வயலை ஈடு வைத்தால் முதல் கட்டணத்துக்குக் காணும் என்று தாய் கணக்கும் பார்த்துவிட்டார். "பிள்ளை வீட்டோட முடங்கிப் போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு" என்று அழுதார்.

அக்கா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் அந்த வயலை ஈடு வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்து பற்றை வெட்டி மறுபடி விதைத்த நிலம் அது. எம்பிஏ முடித்து வேலை கிடைக்காவிட்டால் வட்டி கட்டப் போவது சித்தப்பா அல்ல, நீங்கள். அப்புறம், பிள்ளையைக் கேட்டீர்களா? எம்பிஏ பற்றி அவளால் இரண்டு வசனம் சொல்ல முடியவில்லை. பூநகரிக் கிணறுகள் உவராவதைப் பற்றிக் கேட்டேன், அரை மணித்தியாலம் பேசினாள். அவளுடைய இறுதியாண்டு ஆய்வே அதுதான்.

உள்ளூர் முதுமாணியும் மற்றப் பழகிய வழிகளும் உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் அதிகம் திரும்பிப் பார்க்காதது ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில். கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகம் ஊடாக விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் இல்லை. தெரிவானால் படிப்புக் கட்டணமும் விமானச் சீட்டும் அவர்கள் பொறுப்பு, மாதச் செலவுக்கும் பணம் வரும். ஆங்கிலத்தில் நடக்கும் முதுமாணி நெறிகளும் உண்டு. தொத்தோரிப் பல்கலைக்கழகத்தில் வறள்நில ஆய்வுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. உவர் மண்ணைப் பற்றி அங்கே வேலை செய்கிறார்கள். போட்டி கடுமைதான், முதல் வருடமே கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன்.

அந்த விண்ணப்பத்தில், இதுவரை என்ன படித்தாய், இனி எதை ஆராயப் போகிறாய் என்று எழுதக் கேட்கிறார்கள். மகள் கொண்டுவந்த வரைவில் நாற்பது பாடங்கள் இலக்கத்தோடு வரிசையாக இருந்தன. தங்கச்சி, அது பெறுபேற்றுப் பத்திரத்திலேயே இருக்கிறது. பாட இலக்கம் தொத்தோரியில் இருக்கும் பேராசிரியருக்கு ஒன்றும் சொல்லாது. ஐந்து பாடம் போதும்: மண் விஞ்ஞானம், நீர்ப்பாசனம், நிலத்தடி நீர், பயிர் உடற்றொழிலியல், புள்ளிவிபரவியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீ கையால் செய்ததை எழுது. "மண் விஞ்ஞானம் படித்தேன்" என்று விடாதே. "மண் மாதிரியை நீரில் கரைத்து மின்கடத்துதிறன் அளந்தேன், அதே அளவீட்டைப் பூநகரிக் கிணற்று நீருக்கு மாரிக்கு முன்னும் பின்னும் செய்தேன்" என்று எழுது. மின்கடத்துதிறன் காட்டுவது உப்பின் அளவைத்தான், ஆகவே அந்த ஒரு வரியில் உன் பாடமும் ஆய்வும் இனிக் கேட்கப் போகும் கேள்வியும் சேர்ந்து வருகின்றன. விவசாயப் பொருளியலில் ஏ எடுத்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் இந்த விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை, விட்டுவிடு.

புள்ளிவிபரவியலில் சி வந்ததற்காக அந்தப் பாடத்தை மறைக்கப் பார்த்தாள். வேண்டாம். பெறுபேற்றுப் பத்திரமும் கூடவே போகிறது. ஆய்வுத் தரவை நீயே பகுப்பாய்வு செய்தாய் அல்லவா, எந்த முறையில் செய்தாய் என்று ஒரு வசனம் எழுது. சாட்டுச் சொல்லாதே. செய்யாத ஆய்வுகூட வேலையைச் செய்ததாகவும் எழுதாதே, நேர்முகத்தில் முதலில் அதைத்தான் துருவுவார்கள்.

அக்கா, சித்தப்பா இனி அழைத்தால் என் இலக்கத்தைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். பிள்ளை இரண்டாம் வருடத்திலிருந்து எழுதிய செய்முறைக் கொப்பிகளையும் கிணற்று அளவீடுகளையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வரட்டும். இருந்து ஒவ்வொரு வரியாக எழுதுவோம்.