சோலார் பேனலும் இன்வெர்ட்டர் ஏசியும் போட்டுவிட்டால் வீடு ஆற்றல் சிக்கனமானதாக ஆகிவிடாதா? வடிவமைப்பில் என்ன பெரிதாக மாறிவிடும்?

ஆகாது. இரண்டும் நல்ல சாதனங்கள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெயிலில் நிற்பவருக்குக் குடை கொடுக்காமல் பெரிய விசிறியாகப் பார்த்துக் கொடுக்கிற கதை அது. வெப்பம் உள்ளே வரும் வழியை வரைபடத்திலேயே அடைத்துவிட்டால், பிறகு வாங்கும் ஏசியும் சின்னதாகப் போதும், அதை ஓட்டத் தேவைப்படும் பேனலும் குறையும். கட்டடம் வடிவமைப்பது என் தொழில் என்பதால், வீடு கட்ட வருபவர்களிடம் எந்த வரிசையில் பேசுவேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். வெயில் ஊர்களுக்கான பதில் இது. பனி கொட்டும் ஊரின் கணக்கே வேறு.

முதலில் மொட்டைமாடி. உச்சி வெயிலை நேருக்கு நேர் வாங்குவது அதுதான். கோடையில், மேல்தள வீடு ஒன்றில், இரவு எட்டு மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் போய் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், சீலிங் இன்னும் சுடும். 15 செ.மீ. கான்கிரீட்டுக்குள் வெப்பம் கடந்து வரவே ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். மதியம் மாடியில் விழுந்த வெயில் மாலையில்தான் கீழே வந்து சேர்கிறது, இரவிலும் தொடர்ந்து அனலாக இறங்குகிறது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஏசி அளப்பது காற்றின் வெப்பத்தை மட்டும். உங்கள் உடம்போ சுற்றியுள்ள சுவர், சீலிங் ஆகியவற்றிலிருந்து கதிர்வீச்சாக வரும் வெப்பத்தையும் கிட்டத்தட்ட அதே அளவு உணர்கிறது. ரிமோட் 24 என்று காட்டும், ஆனாலும் தலைக்கு மேல் அனல் அடிப்பது போலவே இருக்கும். உடனே 20-க்கு இறக்குவீர்கள். மின்கட்டணம் ஏறுவது இந்த இடத்தில்தான். ஏசியில் ஒரு குறையும் இருக்காது.

மாடிக்கு மலிவான வைத்தியம், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. அதில் அழுக்கு படியப் படியப் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிட வேண்டும். இன்னும் உறுதியான வழி, ஸ்லாபுக்கு மேல் வெப்பத்தடுப்புப் பலகை பதிப்பது. 5 செ.மீ. கனமுள்ள எக்ஸ்பிஎஸ் எனும் பிளாஸ்டிக் நுரைப் பலகை, இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். கணக்குப் போட்டுக் காட்டினாலும் முதலில் யாரும் நம்புவதில்லை! அதைச் சீலிங்கின் அடியில் ஒட்டுவதைவிட மேலே பதிப்பதையே நான் விரும்புவேன். அப்படிச் செய்தால் கான்கிரீட் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, விரிசல் விடுவதும் குறையும்.

அடுத்தது ஜன்னல். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே தடிமனான திரை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. கண்ணாடியைத் தாண்டி விழுந்த வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும், அந்த வெப்பம் கண்ணாடி வழியே எளிதில் வெளியே போகாது. மறைப்பு என்றால் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்குத் தலைக்கு மேல் ஒரு சன்ஷேடு போதும், ஏனென்றால் அந்தப் பக்கங்களில் வெயில் உயரத்திலிருந்து வரும். மேற்கே சூரியன் தாழ வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். அங்கே செங்குத்தாக நிற்கும் பலகைகளோ, துளைகள் விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரோ, ஒரு மரமோ வேண்டும். என்னைக் கேட்டால் மேற்கில் மாடிப்படியையும் குளியலறையையும் ஸ்டோர் ரூமையும் தள்ளிவிடுவேன். அதற்குத் தனியாக ஒரு செலவும் இல்லை.

காற்றோட்டம் பற்றி இணையத்தில் அதிகம் சுற்றுவது ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் உள்ள ஈஸ்ட்கேட் சென்டர் என்ற கடை, அலுவலக வளாகத்தின் கதை. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்து, 1996-இல் திறக்கப்பட்ட கட்டடம். கரையான் புற்றைப் பார்த்துக் கட்டினார், வழக்கமான ஏசியே கிடையாது என்பார்கள். சரிதான். ஆனால் ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் நன்றாகக் குளிரும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்த இரவுக் குளிரைக் கட்டடத்தின் கனமான உடம்பில் சேமித்துப் பகலில் செலவழிப்பதுதான் சூட்சுமம். இரவும் புழுங்குகிற கடலோர ஊரில் அதையே நகலெடுத்தால் சேமிக்கக் குளிரே இருக்காது. அங்கே எதிரெதிர் ஜன்னல்கள், நல்ல மின்விசிறி, மெல்லிய சுவர் எல்லாம் அதிகம் உதவும். உடம்பில் படும் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல் இருக்கும்.

இன்னொன்று, கட்டுமானப் பொருள்களைத் தயாரிப்பதில் குடிபோகும் முன்பே செலவாகிவிட்ட ஆற்றலும், அதோடு வெளிவந்த கரியமில வாயுவும். சிமென்ட் தயாரிப்பில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல், சூளை எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல் சுடும்போது கல்லே வெளிவிடுவது. சூளையை முழுக்கச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அது நிற்காது. எனவே தேவையில்லாத ஒரு அறையைக் கட்டாமல் விடுவதும், திடமாக இருக்கும் பழைய கட்டடத்தை இடிக்காமல் திருத்திக்கொள்வதும் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்குவதைவிடப் பெரிய வேலை. சான்றிதழ்கள் பலவும் வடிவமைப்புக் கட்டக் கணிப்பை வைத்துத் தரப்படுபவை. குடிபோன பின் மீட்டர் வேறு கதை சொல்வது சகஜம். ஒரு வருட யூனிட்டுகளைத் தளப்பரப்பால் வகுத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடு என்றால், மாடியையும் மேற்கு ஜன்னலையும் மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். ஒரு கோடை ஓடட்டும், எத்தனை யூனிட் குறைகிறது என்று பார்த்துவிட்டுப் பேனலின் அளவை முடிவு செய்யுங்கள். பேனலை மாடியோடு ஒட்டிப் பொருத்தாமல், அடியில் காற்று ஓட இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். பேனல் சூடேறினால் அதன் உற்பத்தி குறையும், அந்த இடைவெளி இருந்தால் மாடிக்கும் நல்ல நிழல் கிடைக்கும்.