கார்னெலா, வெனீட்டாவா?

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் கச்சேரிகளில் 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் உச்சம் என்று என் நண்பர் சாதிக்கிறார். நான் 1972 ஆகஸ்ட் 27 அன்று ஒரிகன் மாநிலத்து வெனீட்டாவில் நடந்த கச்சேரியின் கட்சி. உங்கள் தீர்ப்பு?

பதில்: நண்பர் கேட்டது எந்தப் பதிவு என்று முதலில் விசாரியுங்கள். கார்னெலின் புகழில் பாதி, மேடையின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து அதை நாடாவில் பிடித்த பெட்டி கேன்டர் ஜாக்சனுக்குச் சேரவேண்டியது. பாஸ் கிடாரின் ஒவ்வொரு தட்டலும் தனியாகக் கேட்கும். அதே இரவைக் கூட்டத்துக்குள் நின்று பதிந்தவர்களின் நாடாவில் கேளுங்கள். கூரையின் எதிரொலியும் பக்கத்து ஆளின் சீழ்க்கையும் சேர்ந்துவரும். எனக்கு அதுவும் பிடிக்கும், இருமலைத் தவிர.

இனி வாசிப்பு. கார்னெலில் 'ஸ்கார்லட் பிகோனியாஸ்' பாட்டு முடிகிறதா, அடுத்த பாட்டான 'ஃபயர் ஆன் த மவுன்டன்' தொடங்கிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தச் சில நிமிடங்களை நானே பலமுறை திருப்பிப் போட்டிருக்கிறேன். பாஸ் முதலில் நழுவிவிடுகிறது, கிடார் பிறகுதான் விழித்துக்கொள்கிறது. ஆனால் அங்கே டிரம்ஸ்காரர்கள் இருவர், வண்டி கனமானது. வெனீட்டாவில் ஒருவர்தான். வெயிலில் கிடாரின் சுருதி நிற்காமல் படுத்தியும், அரை மணி நேர 'டார்க் ஸ்டார்' நினைத்த இடத்தில் சட்டென்று திரும்புகிறது.

ஆகவே வெனீட்டா. நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள், போன வருடம் இதே பகுதியில் கார்னெல் என்று எழுதியவனும் நான்தான்.