முன்பணத்துக்கு பர்சனல் லோனா?

கேள்வி: சென்னை சேலையூரில் பத்து வருடப் பழைய ஃபிளாட், 60 லட்சம். வங்கி 48 லட்சம் தருகிறது. கையில் 7 லட்சம். மீதி 5 லட்சத்துக்கு பர்சனல் லோன் எடுத்து, விலை ஏறுவதற்குள் முடிக்கச் சொல்கிறார் மச்சான். எங்கள் இருவருக்கும் கைக்கு வருவது 90,000, வாடகை 16,000. கூடவே மாதம் 5,000 எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாந்திர முதலீடு) போட்டால் வட்டிப் பணம் திரும்பிவிடுமாமே?

பதில்: வீட்டுக் கடன் பிரச்சினையில்லை. 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 41,700. இறுக்கம்தான், சமாளிக்கலாம். அந்த பர்சனல் லோன்தான் குடும்பத்தைக் கவிழ்க்கும். முதலில், அது 5 லட்சமே இல்லை. பத்திரச் செலவை விட்டுவிட்டீர்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9 சதவீதம், 5.40 லட்சம். வங்கி தரும் 80 சதவீதத்தில் இது சேராது. புரோக்கர், வக்கீல், பெயின்ட் என்று போனால் பள்ளம் 11 லட்சம். 14 சதவீதத்தில் 5 வருடத்துக்கு மாதம் 25,600. இரண்டு இஎம்ஐயும் 67,300. மிஞ்சும் 22,700-இல் மெயின்டனன்ஸ் கட்டி, பள்ளிக் கட்டணம் கட்டி, சாப்பிடவும் வேண்டும். எஸ்ஐபிக்கு எங்கே இடம்? 14 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு 12 சதவீதம் வரலாம் என்று முதலீடு செய்வதை ரீல்ஸில் மட்டும்தான் லாபம் என்பார்கள்.

இன்னொன்று. பணம் பட்டுவாடா ஆகும் முன் வங்கி சிபிலை, அதாவது உங்கள் கடன் வரலாற்றை, மறுபடி பார்க்கலாம். புதுக் கடன் தெரிந்தால் அந்த 48 லட்சம் என்ற தொகையே குறையலாம். 'அக்ரிமென்ட்டில் விலையைக் கூட்டிப் போடலாம்' என்று அடுத்த யோசனை வரும். வேண்டாம். அக்ரிமென்ட் விலை, வங்கி அனுப்பும் வேல்யூயர் போடும் மதிப்பு இரண்டில் குறைந்ததற்குத்தான் கடன். பத்திரச் செலவுதான் கூடும்.

அந்த இரண்டு இஎம்ஐயில் இப்போது கட்டும் வாடகையைக் கழித்தால் கூடுதல் சுமை மாதம் சுமார் 51,000. அதையே இன்றிலிருந்து ஆர்டியில் (மாதாந்திர வங்கிச் சேமிப்பில்) போடுங்கள். 20 மாதத்தில் அசல் மட்டும் 10.2 லட்சம். அதற்குள் வீடு 5 லட்சம் ஏறினாலும் அதில் 80 சதவீதம், 4 லட்சம், வீட்டுக் கடனிலேயே வரும்; மீதிக்கு ஆர்டி இன்னும் சில மாதம் ஓடினால் போதும். மொத்த இஎம்ஐ 45,000 சுற்றி நிற்கும், 67,000 அல்ல. பழைய அடுக்குமாடி வருடா வருடம் ஏறியே தீரும் என்றும் இல்லை.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? எழுதவில்லை. இல்லையென்றால், எப்போது கொடுத்தாலும் 'கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்ப' என்ற வரி அக்ரிமென்ட்டில் இருக்கட்டும். ஆறாவது மாதமே ஆர்டி தடுமாறினால் 45 லட்சத்துக்குள் வேறு வீடு பாருங்கள்.