மாமியாரின் வயிற்று உப்புசமும் சீன உருண்டையும்

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது, பசியும் இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின், கூடவே நீர் மாத்திரை எடுக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி ‘சியாங் ஷா லியு ஜுன் ஸு’ என்ற உருண்டையைக் கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா? – ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நல்ல மருந்துதான், ஆனால் உங்கள் மாமியாரின் நீர் மாத்திரைக்கும் அதற்கும் ஒத்துவராது.

எட்டுச் சரக்கு சேர்ந்த பழைய சீன மருந்து இது. ஜின்செங் (விலை கருதிப் பெரும்பாலும் தாங் ஷென் வேர்), காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஏலக்காய் இனத்து ஷா ரென், நம் சித்த மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கிடைக்கும் வேர், அதிமதுரம் எல்லாம் இதில் உண்டு. செரிமானம் மந்தமாகிச் சோர்ந்துபோனவர்களுக்குச் சின்சே, அதாவது சீன வைத்தியர், இதைத் தருவார். விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்ட அவதிக்கு வேறு மருந்து, பாவோ ஹே வான்.

சிக்கல் அதிமதுரத்தில்தான் இருக்கிறது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிக் கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை வெளியேற்றும். பெரும்பாலான நீர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைத்தான் இழுத்துப் போகும். இரண்டும் சேர்ந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், கைகால் தளரும், நெஞ்சு படபடக்கும். உருண்டையில் இருப்பது கொஞ்சம்தானே என்பீர்கள். சரி, ஆரோக்கியமானவர் ஒரு வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கொதிப்பும் நீர் மாத்திரையும் உள்ளவர், சுகமாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் சாப்பிடுவார். கொதிப்பு ஏன் அடங்கவில்லை என்று தெரியாமல் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். இதனால்தான் இத்தனை தூரம் சொல்கிறேன்.

இன்னொன்று, வயிற்று உப்புசத்துக்கு மெட்ஃபார்மினே காரணமாக இருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கிறாரா என்று பாருங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

இந்த உருண்டையைவிட எனக்குப் பெரிய பயம் வாட்ஸ்அப்பில் பொடி விற்பவர்கள்தான். “முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லை, மூன்று நாளில் பசி எடுக்கும்” என்பார்கள். பசி எடுக்கத்தான் செய்யும், ஏனென்றால் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். முகம் உப்பும், சர்க்கரை எகிறும். நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆளே மயங்கி விழலாம். சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் பொடியோடு மருத்துவமனைக்குப் போங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுகாதாரத் துறையினர் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பு நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணில் தமிழில் படுவதே இல்லை. பிடிபட்ட பொடி வேறு பெயரில், வேறு பாக்கெட்டில் மறுபடி வந்துவிடுகிறது. விற்றவரைத் தேடினால் போனை எடுக்க மாட்டார்.

அதனால் எந்த மருந்தானாலும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். MAL என்ற மூன்று ஆங்கில எழுத்து, பிறகு எட்டு இலக்கம், கடைசியில் T என்ற எழுத்து இருந்தால் அது மலேசியாவில் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. அந்த எண்ணை அரசின் மருந்துப் பதிவுத் தளத்தில் தட்டி, பெயரும் தயாரிப்பாளரும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். எண்ணை அப்படியே திருடி அச்சடிப்பவர்களும் உண்டு. பெயரில்லாத டப்பா, பிளாஸ்டிக் பை எதையும் வாங்கவே வேண்டாம்.

எடை குறைவது, மலம் கருப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். இந்த வயதில் எண்டோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது, அவசியமாகலாம். இவை எதுவும் இல்லையென்றால் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது உருண்டை டப்பாவையும் மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். கூட்ட நெரிசலில் டாக்டர் மூலிகை மருந்தைப் பற்றிக் கேட்க மாட்டார், நீங்களே மேசைமேல் எடுத்து வையுங்கள். பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.