முடி கொட்டுகிறதா? வைட்டமினை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்
வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 29. மூன்று மாதங்களுக்கு முன் டெங்கு காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்தேன். அப்போதெல்லாம் முடி கொட்டவில்லை. உடம்பு தேறிவிட்ட இந்த நேரத்தில், தலை வாரினால் கைநிறைய வருகிறது. மருந்துக் கடையில் பயோட்டின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தொடர்ந்து சாப்பிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: காய்ச்சலுக்கும் முடி கொட்டுவதற்கும் இடையே மூன்று மாதங்கள் கழிந்திருக்கின்றன என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. தலையில் உள்ள ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகளில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். மீதியில் பெரும்பகுதி ஓய்வில் இருக்கும். வளரும் பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை நீடிக்கும். ஓய்வுப் பருவம் சுமார் மூன்று மாதம். அது முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே வேரிலிருந்து புதிய முடி கிளம்பும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை விழுவது இந்தச் சுழற்சியால்தான். கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி கிடப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் எண்ணிக்கை ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை எல்லாம் சேர்ந்து விழுவது மூன்று மாதம் கழித்து என்பதால், பலரும் காய்ச்சலை மறந்துவிட்டு, அண்மையில் மாற்றிய ஷாம்புவையோ புது வீட்டின் போர்வெல் தண்ணீரையோ குறை சொல்கிறார்கள். வேர் அழியவில்லை. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திற்குள் இந்த உதிர்வு தானாக அடங்கிவிடும். ஆனால், முடி மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

பயோட்டின் உங்களுக்குத் தேவையில்லை என்றே சொல்வேன். உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 முதல் 40 மைக்ரோகிராம். கடைகளில் விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. முட்டை, நிலக்கடலை, பருப்பு, பால் என்று நாம் அன்றாடம் உண்பவற்றிலேயே அது கிடைத்துவிடுவதால், உண்மையான பயோட்டின் குறைபாடு மிக அரிது. பச்சை முட்டையின் வெள்ளைக் கருவை நெடுநாள் தொடர்ந்து குடிப்பவர்கள், வலிப்பு நோய்க்குச் சில மருந்துகளை எடுப்பவர்கள், பிறவியிலேயே ஒரு நொதி இல்லாத குழந்தைகள் போன்றோருக்கு அது வரலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிக அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால், சில ஆய்வுக்கூட முறைகளில் தைராய்டு பரிசோதனையின் முடிவு தவறாக வரும். மாரடைப்பைக் கண்டறியச் செய்யும் ட்ரோபோனின் பரிசோதனையில்கூட அளவு குறைவாகக் காட்டக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இது குறித்து 2017-இலேயே எச்சரித்தது. முடி கொட்டுவதற்குத் தைராய்டும் ஒரு காரணம் என்பதால், காரணத்தைத் தேடும் பரிசோதனையையே இந்த மாத்திரை குழப்பிவிடுகிறது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிட்டு, ஆய்வுக்கூடத்திலும் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்கு (வயது 20) ஓராண்டாக முடி கொட்டுகிறது. ஹீமோகுளோபின் 12.3 இருக்கிறது. இரத்தசோகை இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஃபெரிட்டின் 9 என்று வந்ததைப் பார்த்து மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போது இது எதற்கு?
– வாசகி, மதுரை

பதில்: மருத்துவர் செய்தது சரி. இரும்பு வைட்டமின் இல்லை, தாது. ஆனாலும், நம் ஊர்ப் பெண்களின் முடி உதிர்வில் சத்துக்குறைவு என்று தேடினால், எந்த வைட்டமினையும்விட முதலில் கையில் சிக்குவது இதுதான். உடல் இரும்பைச் சேமித்து வைத்திருக்கும் அளவை ஃபெரிட்டின் காட்டுகிறது. வரவு குறைந்தால் உடல் முதலில் சேமிப்பிலிருந்து எடுத்து ஹீமோகுளோபினைக் காப்பாற்றும். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். உங்கள் மகள் அந்த இடைக்கட்டத்தில் இருக்கிறார். பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனாலே குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். முடி உதிர்வுடன் வருபவர்களிடம் அது 30 அல்லது 40-க்கு மேல் இருப்பதையே பல தோல் மருத்துவர்கள் விரும்புகிறோம். முடி வேரின் செல்கள் உடலிலேயே மிக விரைவாகப் பெருகுபவை. உயிர் வாழ்வதற்கு முடி இன்றியமையாதது அன்று என்பதால், சத்து குறையும்போது உடல் முதலில் கைவிடும் இடங்களுள் அதுவும் ஒன்று. காய்ச்சலோ வீக்கமோ இருக்கும் காலத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து எடுக்கக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறுடனோ நெல்லிக்காயுடனோ எடுத்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். மலம் கறுத்துப் போவது இயல்பே. வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு உட்கிரகிக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். முடி கொட்டுவது நிற்பது அதற்குப் பிறகுதான் தெரியும் என்பதால், ஒரு மாதத்தில் கைவிட்டுவிடாதீர்கள். உணவில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) சிறந்தவை. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நல்லவைதான். ஆனால் தாவர இரும்பில் சிறு பங்கே உடலில் சேரும் என்பதால், குறைபாடு வந்த பிறகு கீரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருக்கிறதா, விடுதியில் காலை உணவைத் தவிர்க்கிறாரா என்பவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டையை அடைக்காமல் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அடுத்த ஆண்டு இதே கடிதத்தை எழுத வேண்டி வரும்.

கேள்வி: வயது 34, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உச்சந்தலையில் முடி மெலிந்துவருகிறது. அப்பாவுக்கும் வழுக்கை உண்டு. பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்தது. அதைச் சரிசெய்தால் முடி திரும்ப வளருமா?
– வாசகர், சென்னை

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 20 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடுதான். கண்ணாடிச் சுவர்களுக்குள் பகல் முழுவதும் இருப்பவர்களிடம் இது வியப்பளிப்பதில்லை, ஏனெனில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. எலும்புக்காகவும் தசைக்காகவும் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். முடி விஷயம் அவ்வளவு நேரானதன்று. வைட்டமின் டி-க்கான ஏற்பி (செல்லில் அந்த வைட்டமினைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குத் தலைமுடி முழுவதும் கொட்டிவிடுவதுண்டு. அதே வைட்டமினைச் செயல்வடிவத்திற்கு மாற்றும் நொதி இல்லாமல் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் வரும் குழந்தைகளுக்கு முடி கொட்டுவதில்லை. முடி வேருக்கு அந்த ஏற்பிதான் முதன்மையாக வேண்டியிருக்கிறது, வைட்டமினின் அளவு அடுத்ததுதான் என்று இதிலிருந்து தெரிகிறது. முடி உதிர்பவர்கள் பலரிடம் டி குறைவாக இருப்பது உண்மை. டி கொடுத்தால் முடி வளரும் என்பது அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை.

உங்கள் உச்சந்தலை மெலிவும் தந்தையின் வழுக்கையும் சேர்ந்து காட்டுவது மரபுவழி வழுக்கையை. டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனுக்கு உங்கள் முடி வேர்கள் இசைந்து சுருங்கிவருகின்றன. அதற்கு மினாக்சிடில் போன்ற மருந்துகள்தாம் வழி. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். தொடக்கத்தில் சில வாரங்கள் முடி கூடுதலாகவே விழலாம். வைட்டமின் டி ஏறும்வரை பார்க்கலாம் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 60,000 யூனிட் அளவுள்ள டி வாரம் ஒன்று என்றுதான் வழக்கமாக எழுதப்படுகிறது. அதைத் தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்குக் கால்சியம் ஏறி, வாந்தி, அடங்காத் தாகம், மலச்சிக்கல் எல்லாம் வந்து, கடைசியில் சிறுநீரகமே கெட்டுவிடுவதுண்டு.

கேள்வி: தீராத பொடுகும் அரிப்பும். வைட்டமின் பி குறைவுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பி2, பி6 ஆகியவை கடுமையாகக் குறைந்தால் தலையிலும் மூக்கின் ஓரங்களிலும் பொடுகு போன்ற செதில் தோன்றும், ஆனால் அப்போது வாயோரம் வெடிப்பது, நாக்கு சிவந்து எரிவது போன்ற பிற குறிகளும் கூடவே இருக்கும். சாதாரணப் பொடுகுக்குக் காரணம், எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்னும் பூஞ்சையும் அதற்கு உங்கள் தோல் காட்டும் எதிர்வினையும். அந்தப் பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. எனவே, ‘சூடு’ என்று சொல்லி இரவு முழுவதும் எண்ணெய் ஊறவைப்பது பொடுகு உள்ள தலைக்கு ஏற்றதன்று. கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, நுரைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். சொறிவதால் முடி உடையும். பொடுகு அடங்கினால் அதுவும் அடங்கும்.

கேள்வி: 19 வயதிலேயே நரைக்கிறது. கறிவேப்பிலை சாப்பிட்டால் கறுக்குமா? நாங்கள் சைவம்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்காமல் சாப்பிடுவது நல்ல பழக்கம், நரையை அது கறுப்பாக்கும் என்று உறுதி கூற முடியாது. இளநரை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆனால் நீங்கள் சைவம் என்பதால் பி12 அளவைப் பார்த்துவிடுவது அவசியம், ஏனெனில் கீரை, காய், பருப்பு எதிலும் அது இல்லை; சைவத்தில் பாலும் தயிரும்தான் அதற்கு வழி. கை விரல் கணுக்கள் கறுத்திருக்கின்றனவா, கால் மரத்துப்போகிறதா, நாக்கு வழவழப்பாகி எரிகிறதா என்று பாருங்கள். பி12 குறைவால் வந்த நரை, சிகிச்சைக்குப் பின் ஓரளவு கறுக்க வாய்ப்புண்டு. பி12-ஐப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நெடுநாள் விழுங்குவது ஆபத்து: இரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். வீட்டில் யாரேனும் சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துவந்தால், அவர்களுக்கும் இதே பரிசோதனை தேவை.

கேள்வி: பல வைட்டமின்கள் கலந்த மாத்திரை, அதோடு ‘முடிக்கான’ மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் மூன்றையும் எடுக்கிறேன். முடி இன்னும் கூடுதலாகக் கொட்டுகிறது. அளவு போதவில்லையா?
– வாசகர், கோவை

பதில்: அளவு மிஞ்சியிருக்கலாம். வைட்டமின் ஏ மிகுந்தால் முடி கொட்டும். மீன் ஈரல் எண்ணெயில் அது ஏராளம், மற்ற இரண்டு மாத்திரைகளிலும் இருக்கக்கூடும். நீரில் கரையும் சத்துகளைப்போல அது சிறுநீரில் வெளியேறாமல் ஈரலில் தங்கிச் சேரும். செலினியம் என்னும் தாதுவும் மிஞ்சினால் அப்படித்தான்: உடலுக்கு வேண்டியது மைக்ரோகிராம் கணக்கில், மிஞ்சினால் முடியும் நகமும் விழும். 2008-இல் அமெரிக்காவில், செலினியம் பன்மடங்கு கூடிப்போன ஒரு திரவச் சத்து மருந்தைக் குடித்த இருநூறு பேருக்கு நஞ்சேறியது. அவர்களில் பலருக்கு முடி கொட்டியது. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டக் கிராமங்களில் சில நாள்களிலேயே மக்களின் தலை வழுக்கையானபோதும், அவர்களின் இரத்தத்தில் செலினியம் கூடுதலாக இருந்ததாகச் செய்திகள் வந்தன. துத்தநாகத்தை அளவுக்கு மீறி எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். மூன்றையும் நிறுத்திவிட்டு, புட்டிகளை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அட்டையில் அச்சிட்ட அளவுகளைக் கூட்டிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

கேள்வி: ஏழு வயது மகனுக்குத் தலையில் காசு அளவு வட்டமாக முடி போயிருக்கிறது. சத்துக்குறைவா, புழுவெட்டா?
– வாசகி, வேலூர்

பதில்: வட்டமாகப் போவது பொதுவாகச் சத்துக்குறைவின் அடையாளமன்று, சத்துக் குறைந்தால் தலை முழுவதும் பரவலாகவே கொட்டும். அந்த இடம் வழவழப்பாக, செதில் இல்லாமல் இருந்தால் புழுவெட்டாக இருக்கலாம். புழுவோ பூச்சியோ இதில் இல்லை; உடலின் எதிர்ப்பாற்றல் தன் முடி வேரையே தாக்குவதால் வருவது அது. சின்ன வெங்காயத்தையோ வேறு எதையுமோ தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். செதில் உதிர்ந்து, அரித்து, முடி குட்டையாக ஒடிந்து நின்றால் அது பூஞ்சைத் தொற்று. இந்த வயதில் அதற்கே வாய்ப்பு அதிகம். மேலே பூசும் களிம்பு முடி வேருக்குள் இறங்காது என்பதால், மருத்துவர் சொல்லும் மாத்திரையையோ மருந்தையோ சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அதுவரை அவனுடைய சீப்பு, துண்டு, தலையணை உறை ஆகியவற்றைத் தனியாக வையுங்கள்; வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தலையையும் பார்த்துவிடுங்கள்.